புற்றுமண் பூசிய விமானம்

பெட்டியைப் பிரித்ததும் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "நொறுங்கிட்டு" என்பதுதான்.

பெட்டி குவைத்திலிருந்து வந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன், ஒன்றேகால் வயதான என் மகளுக்கென்று அனுப்பியது. கொண்டுவந்து கொடுத்தவர் அவனோடு ஒரே கம்பெனியில் இருக்கும் கடையநல்லூர்க்காரர். பெட்டியின் மேல் மேகங்களுக்கு நடுவே சாய்ந்து பறக்கும் ஒரு போர் விமானத்தின் படம். விமானம் வரப்போகிறது என்று அண்ணன் முன்னமே கடிதம் போட்டிருந்ததால் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்கள். சாவி கொடுத்தால் தரையில் ஓடும், விளக்கு எரியும் என்று அவர்களாகவே சிலவற்றைச் சேர்த்தும் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்ததோ சாம்பல் நிறக் குச்சிகளும், குச்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு துண்டான பிளாஸ்டிக் சாமான்களும். பாதி இறக்கை ஒரு பக்கம், பாதி உடம்பு ஒரு பக்கம்.

"ஏய்யா, மேல எதையும் வச்சு அமுக்கிட்டியா? பிள்ளைக்குன்னு வந்த சாமான்லா!"

"அல்லா மேல ஆணையா இல்ல பெரியம்மா. பிளேன்ல மடியிலயே வச்சுக்கிட்டுல்லா வந்தேன். பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன்தான் திறந்து பாத்தான்."

"அப்ப அவன்தான் ஒடச்சிருக்கான், பாவி."

அந்த மனிதர் காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார். நான் அடியில் மடித்துக் கிடந்த தாளை எடுத்துப் பிரித்தேன். எண் போட்ட படங்கள். எதற்குப் பிறகு எதை ஒட்டவேண்டும் என்று அம்புக்குறிகள். "ஒடயல அத்தை. இப்படித்தான் வருமாம். நாமதான் ஒட்டிச் சேக்கணும்" என்றேன்.

"நாமளா? இது என்ன கூத்து! சட்டை வாங்கப் போனா துணியும் ஊசியும் கொடுப்பானா?"

கடையநல்லூர்க்காரர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. காப்பியை எடுத்துக் குடித்தார்.

என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. அன்று சாயங்காலம் அவர் ஒரு முறை முயன்றுபார்த்தார். குச்சியிலிருந்து சாமானைக் கையாலேயே முறித்து எடுத்தார். சக்கரத்தைத் தாங்கும் கால் ஒன்று இரண்டாகப் போனது. "இது நமக்கு ஒத்துவராது" என்று எழுந்துவிட்டார். அரிசியைவிடச் சின்னதாகச் சில துண்டுகள் இருந்தன. மகள் எதைக் கண்டாலும் வாயில் போடும் வயது. நான் எல்லாவற்றையும் எண்ணிப் பெட்டியில் போட்டு, நூல் சுற்றிக் கட்டி, பரணில் ஏற்றினேன். ஏற்றிய பிறகும் ஒரு துண்டு கீழே விழுந்திருக்குமோ என்று தரையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டேனா, கதவைத் தாழ் போட்டேனா என்று இரண்டு தடவை பார்க்காமல் படுக்க முடியாது. பிள்ளை பிறந்த பிறகு இரண்டு தடவை நான்கு தடவையாகிவிட்டது.

பெட்டியை ஏன் மறுபடி இறக்கினேன் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கிய நான், கல்யாணமாகி மூன்று வருஷமாகக் காலையில் செய்த வேலையை மறுநாள் காலையில் திரும்பவும் செய்துகொண்டிருந்தேன். வைத்த குழம்பு மதியத்துக்குள் தீர்ந்தது. துவைத்த துணி சாயங்காலத்துக்குள் அழுக்கானது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தாளில் கடைசி எண் என்று ஒன்று இருந்தது. அதோடு வேலை முடிந்துவிடும். முடிந்தது அப்படியே இருக்கும். சித்திரை மாதம் ஒரு மதியம், மகள் தூங்கியதும், பெட்டியை இறக்கினேன்.

கணவர் முகம் மழிக்கும் பிளேடால் சாமான்களைக் குச்சியிலிருந்து வெட்டினேன். வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பெட்டியிலிருந்த பசைக் குழாய் கல்லாகக் காய்ந்திருந்தது. இந்தப் பிளாஸ்டிக் எதில் கரையும் என்று எனக்குத் தெரியும். கணவரிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவரிடமிருந்து தின்னர் ஒரு மருந்து பாட்டிலில் வந்தது. ஒரு குச்சித் துண்டில் தொட்டுப் பார்த்தேன். மேற்பரப்பு லேசாக இளகியது. இளகிய இரண்டு முகங்களைச் சேர்த்துப் பிடித்து நூறு எண்ணினால் ஒன்றாகிவிட்டன. ஆய்வுக்கூடத்தில் விடை சரியாக வந்த நாளில் இருந்த சந்தோஷம் அன்று எனக்கு இருந்தது.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். மகள் எழுந்ததும் எல்லாம் மூடிப் பரணுக்குப் போய்விடும். முதல் வாரம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு, "இது என்னட்டி, மூக்கா?" என்று கேட்கக்கூடச் செய்தார்கள். விமானம் ஓட்டும் ஆளின் உருவம், நகத்தளவு, அதற்கு நான் மூஞ்சிக்குச் சாயம் பூசும்போது, "இவ்வளவு செவப்பாவா இருப்பான்? கொஞ்சம் மாநிறமா அடி" என்றார்கள். அடித்தேன். எங்கள் விமானி மாநிறம்தான்.

அதைக் கெடுத்தது எதிர்வீட்டு அம்மாள். குழாயடியில் எல்லோர் முன்னாலும், "ஒங்க மருமக புள்ளைக்கி வந்த பொம்மைய வச்சுத் தானே வெளையாடுதாளாம்லா" என்று சிரித்தாளாம். அத்தை குடத்தை இறக்கிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளையிலயிருந்து அதை எடுக்காத. நாலு பேரு சிரிக்குதாவ."

"மதியம் சும்மா படுக்கிற நேரந்தான அத்தை."

"சும்மா படேன். யாரு வேண்டாம்னா?"

மறுநாள் மகள் தூங்கியதும் பெட்டியை இறக்கினேன்.

அத்தை பார்ப்பதற்குள் முடிக்கிற அவசரத்தில்தானோ என்னவோ, ஒரு மடத்தனம் செய்தேன். உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இறக்கைகளைப் பொருத்தி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தேன். தின்னர் வாடை வீட்டுக்குள் வேண்டாம், சீக்கிரமும் காயட்டும் என்று, வத்தல் காயவைக்கிற அலுமினியத் தட்டில் வைத்து, மேலே வேட்டித் துண்டு போட்டு, மொட்டை மாடியில் வைத்துவிட்டேன். மோர் மிளகாய்க்கு அடுத்த தட்டு. நம் வீடுகளில் எது ஈரமாக இருந்தாலும் மாடிக்குத்தானே போகிறது. சாயங்காலம் மிளகாயை எடுக்கப் போன அத்தைதான் அதையும் எடுத்து வந்தார்கள்.

"ஒன் பிளேனு வெயிலுக்குச் சொருகிட்டு, பாரு."

இரண்டு இறக்கைகளும் வாடிய இலைபோல் கீழே வளைந்திருந்தன. ரப்பர் வளையம் இழுத்த இழுப்பில் முதுகில் ஒட்டிய ஒட்டு திறந்து, நீளமாக ஒரு வெடிப்பு. அத்தை சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் ஒரு சட்டி தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். அழுதுகொண்டேதான் கொதிக்கவைத்தேன். இளக வைத்த சூடு நிமிர்த்தவும் செய்யும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இறக்கைகளை ஒவ்வொன்றாக வெந்நீரில் முக்கி, பலகையில் வைத்து அழுத்திப் பிடித்தேன். நிமிர்ந்தன. முழுக்க அல்ல. இன்றைக்கும் இடது இறக்கையின் நுனி கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும்.

முதுகு வெடிப்புதான் மூடவில்லை. எதையாவது வைத்து அடைக்கவேண்டும். மெழுகு வைத்தேன், பெயிண்ட் பிடிக்கவில்லை. சுண்ணாம்பு வைத்தேன், உதிர்ந்தது. கோலமாவு, சோப்புத்தூள் எதுவும் சரிவரவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சாமி அலமாரியில் விளக்கைத் துடைக்கும்போது பித்தளைக் கிண்ணத்திலிருந்த புற்றுமண் கண்ணில் பட்டது.

எங்கள் ஊரில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. எங்கள் அம்மன் கோவிலில் பிரசாதமாகத் தருவதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வைத்திருப்போம். பிள்ளைக்கு மேலெல்லாம் தடிப்பு வந்தால் குழைத்துப் பூசுவோம். வெளியூர் போகும்போது நெற்றியில் இட்டுக்கொள்வோம். விரலில் எடுத்தால் மாவைவிட மெல்லியது. எடுக்கலாமா என்று அலமாரி முன்னால் நின்றேன். தப்பா? தப்பில்லையா? காயத்துக்குப் பூசுகிறோம், வெடிப்புக்குப் பூசினால் என்ன? கும்பிட்டுவிட்டு, இரண்டு சிட்டிகை எடுத்தேன். குச்சித் துண்டுகளைத் தின்னரில் கரைத்த கூழில் அந்த மண்ணைக் குழைத்து, தீக்குச்சியால் வெடிப்பில் இழுத்துவிட்டேன். காய்ந்த பிறகு உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு மட்டும் ஒரு செம்மண் கோடு. அதன் மேல் பச்சையும் காவியுமாகப் பெயிண்ட் அடித்தேன். கேட்டுக்கு அடிக்கிற பச்சைதான், கொஞ்சம் கறுப்பைக் கலந்துகொண்டேன். அதன் பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. இறக்கைகளில் ஒட்டவேண்டிய விமானப்படை வட்ட அடையாளங்கள்.

அதற்குள் ஆனி வந்துவிட்டது. ஒரு காலை மகள் கழுத்திலும் முதுகிலும் கொப்புளம். உடம்பு சுட்டது. அத்தை புற்றுமண்ணைக் குழைக்கக் கிண்ணத்தை எடுத்தார்கள்.

"மண்ணு கொறஞ்சிருக்கே. நெறய இருந்துச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "நான் கொஞ்சம் எடுத்தேன் அத்தை. விமானத்துல வெடிப்ப அடைக்க."

அத்தை கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்தி, "ஆத்தா மண்ண எடுத்து வெளையாட்டுச் சாமான்ல அப்புனியா? அதான் பிள்ள மேல காட்டிட்டா" என்றார்கள்.

அந்தச் சொல் எனக்குள் போன வேகத்தை எப்படி எழுதுவது? நான் படித்தவள். கொப்புளம் மண்ணால் வராது என்று தெரியும். தெரிந்தும், மண் எடுத்து எத்தனை நாளாகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அத்தை மகளை மடியில் போட்டு மண்ணைப் பூசினார்கள். பூசிக்கொண்டே, கோவில் இருக்கும் திசையைப் பார்த்து உரக்கச் சொன்னார்கள்.

"தாயி, பிள்ளைக்குக் கொணமாக்கு. தபசு அன்னிக்கு அந்தப் பிளேன ஒன் சன்னிதியில கொண்டுவந்து போட்டுருதேன்."

கணவர் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றார். "அம்மா, உண்டியல்ல போடணும்னா ரெக்கை நுழையாதே."

"நீ போலே!"

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். மண் பூசிய மேலோடேதான். அத்தை வேண்டாம் என்றார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, வேர்க்குருதான், பிள்ளை சொறிந்து சீழ் வைத்திருக்கிறது என்றார். பயத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"வீட்ல தின்னர் வச்சு ஒரு வேலை பண்ணுதேன் டாக்டர். அதனால வந்திருக்குமா?"

"கொப்புளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஆனா பிள்ளை படுக்கிற அறையில அதைத் திறக்காதீங்க. மூச்சுக்கு நல்லதில்ல."

அன்றே தின்னர் பாட்டிலை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். அதுவரை பிள்ளை தூங்கிய அறையிலேயே திறந்து வைத்திருந்தேன். அது என் பிழை. ஒப்புக்கொள்கிறேன். மண் எடுத்ததைப் பிழை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைத்தார்கள். நான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் கொப்புளங்கள் உலர்ந்தன. மருந்தால் என்றேன் நான். நேர்ந்துகொண்டதால் என்றார்கள் அத்தை. ஆடியில் அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி காணும் தபசுத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரமும் விமானம் பரணில் கிடந்தது. நான் தொடவில்லை. கணவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க என்ன சொல்லுதிய?"

"கொடுத்துட்டா வம்பு தீந்துச்சு. ஒங்கண்ணன்ட்ட சொல்லி வேற ஒண்ணு வாங்கிக்கிடலாம்."

"அது இது ஆகுமா?"

"அதுவும் பிளேன்தான?"

அவர் நல்லவர். தின்னர் வாங்கி வந்தவர். எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கத்தான் அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை நான் கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். ஒரு வேளை பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்தால்? காலத்துக்கும் என்னை அல்லவா சொல்வார்கள்? ஏன், நானே என்னைச் சொல்லிக்கொள்வேனே? பிறகு வெந்நீரில் முக்கிப் பிடித்த இறக்கை நினைவுக்கு வரும். முடிவு கலைந்துவிடும்.

தபசன்று காலை என் நாத்தனார் கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஊரெல்லாம் கூட்டம். வாசலில் செருப்புச் சத்தம் ஓயவில்லை. நான் இட்லி ஊற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், பழம், அரளிப்பூ, நடுவில் என் விமானம். யார் பரணில் ஏறினார்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தை விரலில் ஈரக் குங்குமத்தோடு குனிந்து, அதன் மூக்கில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்கள். மூக்குக்கு நான் ஏழு தடவை மெல்லிசாகப் பெயிண்ட் அடித்திருந்தேன்.

"ஏம்மா, இதையா கோவில்ல போடப்போற?" நாத்தனார் கையில் எடுத்துப் புரட்டினாள். "ஏயப்பா, உள்ள ஆளு இருக்கான்! கருப்பா நம்ம சித்தப்பா மாதிரி இருக்கான். யாரு செஞ்சது?"

"அவதான். பிள்ளையப் பாக்காம இதப் பாத்துக்கிட்டு இருந்தா. கீழ வை, சாமிக்கு உள்ளது."

நான் போய் நாத்தனார் கையிலிருந்து விமானத்தை வாங்கினேன். முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைத்தேன். குங்குமத்தைத் துடைக்கிறோமே என்று உள்ளே ஒரு குரல் பதறியது. கை நிற்கவில்லை.

"இது வராது அத்தை."

"என்னது?"

"இதைத் தரமாட்டேன்."

கணவர் பேப்பரை மடித்தார். அத்தை நிமிர்ந்தார்கள். "வாயத் திறந்து நேந்துட்டேன்ட்டி. சாமி குத்தம்."

"நேந்தது நீங்க. நேந்தவுக பொருளைத்தான அத்தை கொடுக்கணும்? இது என் பொருள். என்னைக் கேக்காம நீங்க எப்படி நேரலாம்? அடுத்த வீட்டுத் தென்னமரத்து எளனிய நீங்க நேந்துக்கிட முடியுமா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரியாத்தாம்மா கேக்கா. எனக்குக் காய்ச்ச வந்தப்ப என் வெள்ளிக் கொலுசத் தூக்கிப் போட்டியே, என்னட்ட கேட்டியா? நான் இன்னும் அதுக்கு அழுதுக்கிட்டுல்லா இருக்கேன்."

"நீ சும்மா கெட!" அத்தை என் பக்கம் திரும்பினார்கள். கண் கலங்கியிருந்தது. அது எனக்கு எதிர்பாராதது. "ஒனக்குப் பிள்ளைய விடப் பிளேனு பெருசாப் போச்சு. அப்படித்தான?"

இந்தக் கேள்வி வரும் என்று மூன்று வாரமாக எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீளமான பதில், காரண காரியத்தோடு. அந்த நேரத்தில் அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான்தான் அத்தை. இதைச் செஞ்சதும் நான்தான். ஒண்ணக் காட்டி ஒண்ணப் புடுங்காதிய."

தெருவில் பலூன்காரன் ஊதிக்கொண்டு போனான். அத்தை உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கையில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தது. அவர்கள் கல்யாணத்தில் பிறந்த வீட்டார் கொடுத்தது. தினமும் காலையில் அதிலிருந்துதான் எடுத்துப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். தாம்பாளத்தில் விமானம் இருந்த இடத்தில் அதை வைத்தார்கள்.

வேண்டாம் அத்தை, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விமானத்தை நீட்டிவிட இருந்தேன். உண்மையாகவே கை பாதி தூரம் போனது. கோவில் வாசலில் பாம்பு, தேள், கண், கை என்று தகட்டில் அடித்த உருக்கள் விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்கவும் நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. சிமிழ் அவர்களுடையது. நான் அவர்களைத் தடுத்தால், அவர்கள் எனக்குச் செய்ததைத்தானே நான் அவர்களுக்குச் செய்வதாகும்? இப்படி நினைத்தது நியாயமா, கல்நெஞ்சா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எல்லோரும் கோவிலுக்குப் போனார்கள். பிள்ளை தூங்குகிறாள் என்று நான் போகவில்லை. கல்யாணமான பிறகு நான் தபசுக் காட்சி பார்க்காத வருஷம் அது ஒன்றுதான். மேளச் சத்தம் வீடு வரைக்கும் வந்தது. கும்பிட்டுக்கொண்டேன். பிறகு ஒரு தட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடையாளப் படங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தாளிலிருந்து மெல்லிய ஏடாக நழுவும். பாலாடையை எடுப்பதுபோல் எடுத்து இறக்கையில் கிடத்தி, பஞ்சால் ஒற்றவேண்டும். இறக்கைகளில் நான்கு, உடம்பின் பக்கவாட்டில் இரண்டு, வாலில் இரண்டு பட்டை. ஒன்று கிழிந்தது, சேர்த்து வைத்தேன். தாளின் கடைசி எண் வந்தது. அவ்வளவுதான். பிள்ளை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பரணுக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்தில் ரேடியோப் பெட்டி மேல் வைத்தேன். வாசலில் நுழைகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுகிற இடம். பிள்ளைக்கு எட்டாத இடமும்கூட. கோவிலிலிருந்து வந்த நாத்தனார், "அங்கன வச்சா நல்லாத்தான் இருக்கு" என்றாள். அத்தை கைகால் கழுவிவிட்டு வந்து, கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அதன் மேல் போட்டார்கள்.

நான் எல்லோருக்கும் சாப்பாடு போட்டேன். எச்சில் இலைகளை எடுத்தேன். பிறகு துண்டை எடுத்து மடித்துக் கொடியில் போட்டேன்.

மறுநாள் காலை காப்பி கொடுக்கப் போனபோது விமானத்தின் மேல் துண்டு இருந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டு எடுத்தேன். மதியம் இருந்தது. எடுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வருகிறாள் என்றால் துண்டு இரண்டாக மடித்து வரும். அவள் இருக்கும்போதே எடுத்தேன். "இதுதானா அது?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். "இதுதான். நான் செஞ்சேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மழை வருமா என்று கேட்டாள்.

இதைப் பற்றி நானும் அத்தையும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினோம். பிள்ளைக்குப் பல் முளைப்பதை, புளி விலையை, இவர் இளைத்துப்போனதை. அவர்களுக்குக் கால் வலி வந்தால் நான்தான் தைலம் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கண் ரேடியோப் பக்கம் போகும், என் கண்ணும் போகும். சில நாள் ராத்திரி படுத்துக்கொண்டு, விட்டுவிட்டால்தான் என்ன, ஒரு துண்டுதானே என்று நினைப்பேன். காலையில் கை தானாகப் போய் எடுத்துவிடும்.

ஐப்பசியில் அத்தை பத்து நாள் நாத்தனார் வீட்டில் இருந்துவிட்டு வரப் போனார்கள். அந்தப் பத்து நாளும் விமானம் திறந்தே கிடந்தது. தூசி படிந்தது, ஊதிவிட்டேன். வீடு என்னவோ போலிருந்தது. பதினோராம் நாள் மத்தியானம் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார்கள். பையைக் கீழே வைக்கவில்லை, பேத்தியைத் தூக்கவில்லை, உட்காரக்கூட இல்லை. நேராகக் கொடிக்குப் போய்த் துண்டை உருவி ரேடியோ மேல் போட்டுவிட்டுத்தான், "ஏட்டி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்கள்.

பானைத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். செம்பை வாங்கிய கையோடு போய்த் துண்டை எடுத்தேன்.